முன்னால் நிற்கும் காற்றாலை விட்டனுப்பும் கலங்கிய காற்று

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் பழைய காற்றாலையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய இயந்திரத்தை நிறுவ விரும்புவோர், இயந்திரத்தின் விலையையும் மின்வாரிய அனுமதியையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். காற்று வரும் திசையில் யாருடைய காற்றாலை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. காற்றாலைத் தரவுகளை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்று படுகிறது.

காற்றின் ஆற்றலில் அதிகபட்சம் 59.3 விழுக்காட்டை மட்டுமே காற்றாலையின் இறக்கைகள் அடங்கிய சுழலியால் எடுக்க முடியும் என்பது பெட்ஸ் வரம்பு. அப்படி ஆற்றலை இழந்த காற்று, வேகம் குறைந்து, இறக்கைகளின் முனையில் பிறக்கும் சுழல்களால் கலங்கிப் பின்னால் செல்கிறது. பகலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் கலப்பதால் அது விரைவில் தெளிந்துவிடும்; இரவில் அந்தக் கலப்பு குறைவதால் வெகுதூரம் நீளும். காற்றின் வேகம் 10 விழுக்காடு குறைந்தாலே அதிலுள்ள ஆற்றல் 27 விழுக்காடு குறைந்துவிடும். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடல் காற்றாலைப் பண்ணையில் 80 மீட்டர் விட்டமுள்ள சுழலிகளை 560 மீட்டர் இடைவெளியில் நிறுத்தியிருந்தும், காற்று வரிசையின் நேர்க்கோட்டில் மிதமாக வீசும்போது இரண்டாம் இயந்திரத்தின் உற்பத்தி சுமார் 40 விழுக்காடு வரை சரிந்தது.

27 மீட்டர் விட்டமுள்ள பழைய 225 கிலோவாட் இயந்திரத்துக்கு 190 மீட்டர் இடைவெளி என்பது சுழலியின் விட்டத்தைப் போல் ஏழு மடங்கு. அதே இடத்தில் 120 மீட்டர் விட்டமுள்ள சுழலி வந்தால் அது ஒன்றரை மடங்குதான்.

உற்பத்தி இழப்பைவிட எனக்குக் கவலை தருவது இயந்திரத்தின் தேய்மானம். கலங்கிய காற்று சுழலியின் ஒரு பாதியில் மட்டும் படும்போது, ஒவ்வோர் இறக்கையும் ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் நுழைந்து வெளியேறுகிறது; நிமிடத்துக்கு 12 சுற்று என்றால், ஒரே நாளில் 17,000 முறைக்கு மேல் இறக்கையின் அடிப்பகுதி வளைந்து நிமிர்கிறது. அந்தச் சுமை இறக்கை போல்ட்டு, பேரிங், கியர் பாக்ஸ் என்று வரிசையாக இறங்குகிறது. இயந்திரத்தின் கணினி தானாகப் பதிவு செய்யும் ஸ்காடா தரவிலிருந்து, காற்று வரும் ஒவ்வொரு திசைக்கும் உற்பத்தி எவ்வளவு என்று கோட்டுப்படமாக வரைந்து பார்த்தால், அண்டைக் காற்றாலை நிற்கும் திசையில் கோடு பள்ளமாக இறங்குவதை எவரும் காணலாம். சீசன் உச்சத்தில், இயந்திரம் முழுத்திறனில் ஓடும் பலத்த காற்றில் அந்தப் பள்ளம் ஏறக்குறைய மறைந்துவிடும் என்பதால், ஆடி மாத உற்பத்தியை மட்டும் காட்டி விற்கப்படும் காற்றாலையை வாங்குவோர் ஆண்டு முழுமைக்குமான தரவைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். இடைவெளி மிகக் குறைவாக உள்ள இடங்களில், குறிப்பிட்ட திசையிலிருந்து காற்று வரும் நேரங்களில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் குறையும் யூனிட்டுகளை ஒப்பந்தத்தில் யார் கணக்கில் எழுதுவது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.