வண்டி வேலூரில், ஓனர் துபாயில்: கேமரா செலான் வந்தால் என்ன செய்வது?

பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் இருப்பார். அவர் பேரில் ஊரில் ஒரு வண்டியும் இருக்கும். தம்பி அதை எடுத்துக்கொண்டு பெங்களூர் போவார், மச்சான் சித்தூர் வழியாகத் திருப்பதி போவார். வழியில் எங்காவது கேமரா வேகத்தைப் பிடித்துவிட்டால், செலான் ஓட்டியவர் பேருக்கு வராது. கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட் மட்டும்தான். அந்த டி.என். 23 அல்லது டி.என். 73 எண் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ, நோட்டீஸ் அவருக்குத்தான்.

'லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பலரும் இதை ஒத்திப்போடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஆர்.சி.யில் மொபைல் நம்பர் சரியாக இருந்தால், பார்ப்பது, கட்டுவது, தப்பாக வந்ததை மறுப்பது எல்லாவற்றையும் இருந்த இடத்திலிருந்தே தொடங்கிவிடலாம். நம்பர் தப்பாக இருந்தால் செலான் விழுந்ததே தெரியாது. வண்டியை விற்கவோ வேறு மாநிலத்துக்கு மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கவோ போகும் நாளில்தான் பழைய பாக்கி முன்னால் வந்து நிற்கும்.

சட்டம் சொல்வது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சாலைகளைக் கேமரா போன்ற கருவிகளால் கண்காணிக்க அதுதான் அடிப்படை. அதற்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது. வேகமாக ஓட்டியதற்கு 183-வது பிரிவின்படி கார் போன்ற இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாவது முறை மாட்டினால் ஓட்டியவரின் லைசென்ஸுக்கே ஆபத்து.

167ஏ வண்டிக்காரருக்கும் சில பாதுகாப்புகளைத் தருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வண்டியும் நம்பர் பிளேட்டும் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவை மீறினார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று தேவை. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்க வேண்டும். செலான் கைக்கு வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பார்ப்பதற்கு மத்திய அரசின் பரிவாஹன் இ-செலான் தளம் இருக்கிறது. செலான் எண்ணைப் போடலாம். அது இல்லையென்றால் வண்டி எண்ணுடன் சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி இலக்கங்களைப் போடலாம். கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ விழுந்த செலானும் பெரும்பாலும் இதில் தெரியும். ஓ.டி.பி. கேட்கும் இடத்தில்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கிளம்பும்போது ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட பழைய சிம் எப்போதோ செத்துப்போயிருக்கும், இல்லையென்றால் ஷோரூம்காரர் பதிவின்போது தன் நம்பரையே போட்டிருப்பார். பரிவாஹன் வாகனச் சேவைகளில் மொபைல் நம்பரை மாற்றும் வசதி உண்டு. வண்டி எண், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பதிவுத் தேதி கேட்கும், ஆதார் வழியாகச் சரிபார்க்கவும் கேட்கும். ஆதாரில் இருப்பதும் செத்த நம்பர் என்றால் அந்த வழி அடைபட்டுப்போகும். அதனால் அடுத்த லீவில் வரும்போது முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போய் அதைச் சரிசெய்துவிடுங்கள். அதுவரைக்கும் ஊர் சிம்மை மாதாமாதம் உயிரோடு வைத்திருப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் செலானை நம்பாதீர்கள். 'உங்கள் வாகனத்துக்கு அபராதம், விவரம் பார்க்க இதை இன்ஸ்டால் செய்யவும்' என்று ஏ.பி.கே. கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் கோப்பு) ஒன்று வரும். மேலே அரசு முத்திரை, சில சமயம் உங்கள் வண்டி எண்ணே இருக்கும். தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனில் வரும் ஓ.டி.பி.யெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும், வங்கிக் கணக்கு காலி. 'பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவோம்' என்று மிரட்டுவதும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். எந்த அரசுத் துறையும் செலானை ஏ.பி.கே.யாக அனுப்பாது. குறுஞ்செய்தியில் லிங்க் வந்தாலும் அதைத் தொடாமல், 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். ஊரில் அம்மா அப்பாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். 'பையன் பேரில் ஃபைன்' என்றதும் பயந்துபோய்த் தொட்டுவிடுகிறவர்கள் அவர்கள்தான். பணம் போய்விட்டால் வீட்டில் இருப்பவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

கட்டுவது சுலபம். வெளிநாட்டு கார்டு சில சமயம் போகாது, வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்காக வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கின் நெட் பேங்கிங் போதும். அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் போன் நம்பரை வைத்தே என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பி வைக்கும் கணக்கு), என்.ஆர்.ஓ. கணக்கில் யு.பி.ஐ. வைத்துக்கொள்ள 2023-ல் அனுமதி வந்தது, உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் செலான் எண்ணைத் தம்பிக்கு அனுப்பிக் கட்டச் சொல்லிவிடலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம், தப்பான செலான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களுடையது ஸ்கூட்டி, படத்தில் இருப்பது புல்லட். அல்லது பிளேட்டில் 8 இருந்த இடத்தைக் கருவி 3 என்று படித்திருக்கும். இதற்காகவே அந்தத் தளத்தில் புகார் பதியும் பகுதி உண்டு. ஆர்.சி.யின் நகல், நம்பர் தெரிய எடுத்த உங்கள் வண்டியின் படம் இரண்டையும் சேர்த்து அனுப்பிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே எண்ணை வேறு யாரோ போலியாக மாட்டிக்கொண்டு சுற்றுவதாகச் சந்தேகம் வந்தால், வீட்டில் ஒருவரை அனுப்பிக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் கைகொடுப்பது அந்தப் புகார்தான்.

வண்டி உங்களுடையது, ஓட்டியது வேறொருவர் என்றால், 133-வது பிரிவின்படி போலீஸ் கேட்கும்போது ஓட்டியவரின் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை. 'அண்ணா, நான்தான் ஓட்டினேன், நானே கட்டிடறேன்' என்று தம்பி சொல்லிவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஆனால் ஓட்டியது பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் கதையே வேறு. 199ஏ-வின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து. சாவியை எங்கே வைக்கச் சொல்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

செலான் கோர்ட்டுக்குப் போய்விட்டாலும் உடனே டிக்கெட் போட வேண்டியதில்லை. இணையத்திலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அபராதத்தை இணையத்திலேயே கட்டலாம், மறுக்கிறேன் என்றால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும். சின்னக் குற்றங்களுக்கான சம்மனில், 208-வது பிரிவின்படி வக்கீல் மூலம் ஆஜராக வழி உண்டு. உங்களுக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சம்மனைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் ஆபத்து.

எனக்கு மிகவும் கவலை தருவது விற்ற வண்டிதான். விசா வந்துவிட்டது, பத்து நாளில் விமானம். பைக்கைத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்து, பேர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, டெலிவரி நோட் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வாங்கியவர் பேர் மாற்றவே இல்லை, ஆறு மாதத்தில் இன்னொருவருக்கும் தள்ளிவிட்டார். இனி விழும் ஒவ்வொரு செலானும் உங்களுக்குத்தான். செலானோடு போனால் பரவாயில்லை. பல கை மாறிய ஒரு வண்டியின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. டெலிவரி நோட் அங்கே காப்பாற்றவில்லை. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு. புரோக்கரை நம்பி விடாமல், பேர் மாறிய விவரத்தைத் தளத்தில் பார்த்த பிறகு மீதிப் பணத்தை வாங்குவதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்டுப் போனவர்கள் இன்றே வண்டி எண்ணைப் போட்டு, யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

வேலைக்குப் போன நாட்டில் நீங்களே ஓட்டி மாட்டினால் அந்த நாட்டுச் சட்டம்தான். துபாயில் போர்டில் போட்டதற்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விட்டுவிடும். அபுதாபியில் அந்தச் சலுகையை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அமீரகத்தில் அபராதம் பாக்கி இருந்தால் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்க முடியாது. சவுதியில் பாக்கியைக் கட்டாமல் எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊர் போய்த் திரும்பி வருவதற்கான விசா) கிடைக்காது. குவைத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவர் பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் நாட்டை விட்டுக் கிளம்ப முடியும். ஊர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்து போனவர்களுக்குத் தபால்தான் சிக்கல். அங்கே கேமராவில் மாட்டினால் 14 நாட்களுக்குள் வீட்டு முகவரிக்குக் கடிதம் வரும். ஓட்டியவர் யார் என்று 28 நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். வேகத்துக்கான அபராதம் குறைந்தது 100 பவுண்டு, லைசென்ஸில் மூன்று தண்டனைப் புள்ளி. பதிலே போடாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை போகலாம், புள்ளியும் ஆறு. ஆறு வாரம் லீவு போட்டுக் காட்பாடி வருகிறவர்கள், கூடத் தங்கியிருப்பவரிடம் உங்கள் பெயருக்கு வரும் தபாலைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.