வாய்க்குள் விளையும் கல்

கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று ஏதாவது தட்டுப்பட்டால் அது காரை. பல் மருத்துவர் கொக்கிக் கருவியால் சுரண்டும்போது சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வருமே, அதேதான். இறுகிப்போன அழுக்கு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அதில் பெரும்பகுதி கல். எச்சிலிலிருந்து விளைந்த கால்சியம் பாஸ்பேட் கனிமம்.

எச்சிலில் கால்சியம், பாஸ்பேட் இரண்டும் அயனிகளாகக் கரைந்திருக்கின்றன, அதுவும் அளவுக்கு மீறி. பள்ளியில் படித்த அதிதெவிட்டிய கரைசல்தான். பனங்கற்கண்டு செய்கிறவர்கள் பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பார்கள். பாகால் தாங்க முடியாத சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். நம் வாயிலோ நூலுக்குப் பதில் 32 பல். பல்லின் எனாமலும் அதே கால்சியம் பாஸ்பேட்தான். அப்படியானால் பல் ஏன் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகவில்லை?

எச்சிலில் ஒரு காவல்காரன் இருக்கிறான். பெயர் ஸ்டாத்தெரின். 43 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். படிகம் வளரப் பார்க்கும் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த அயனி உட்கார இடம் விடாது. ஆனால் பல்லின் மேல் பாக்டீரியாப் படலம் தடித்துவிட்டால், அதற்குள் இந்தக் காவல் அவ்வளவாகச் செல்லாது. செத்த பாக்டீரியாக்களே படிகத்துக்கு நூல் ஆகிவிடும். நாக்குக்கு அடியில் எச்சில் குழாய் திறக்கும் இடம் கீழ் முன்பற்களுக்குப் பக்கத்தில். வெளியே வந்த எச்சிலிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போக, அமிலத்தன்மை குறைகிறது. கால்சியத்தோடு சேரத் தயாராக இருக்கும் பாஸ்பேட் கூடுகிறது. அதனால்தான் காரை முதலில் அங்கே கட்டுகிறது.

சரி, கல் எப்படிப் பிறக்கிறது? இதைப் பார்க்க ஒரு பீக்கர் போதும். கால்சியம் குளோரைடு கரைசலில் சோடியம் பாஸ்பேட் கரைசலை ஊற்றினால் சட்டென்று பால்போல வெளுக்கும். படிகம் வந்துவிட்டது என்று தோன்றும். எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான்: படிகத்துக்கு உரிய கூர்மையான கோடுகள் இல்லை, மழுங்கலான ஒரு மேடு மட்டும். நீரை உள்ளே வைத்துக்கொண்ட, ஒழுங்கில்லாத நுண்ணிய உருண்டைகள் அவை. 9 கால்சியமும் 6 பாஸ்பேட்டும் சேர்ந்த, ஒரு நானோமீட்டருக்கும் சிறிய கொத்துகளால் ஆனவை என்று 1970களில் ஏரன் போஸ்னர் என்ற ஆய்வாளர் முன்வைத்தார்.

பீக்கரில் ஒரு பிஎச் மீட்டரையும் போட்டு வையுங்கள்; முள் இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள். வெளுத்தபோது இறங்கிய முள் அப்புறம் கொஞ்ச நேரம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். திடீரென்று மறுபடி இறங்கும். உருண்டைகள் கரைந்து ஹைட்ராக்சிஅபடைட் (சுருக்கமாக அபடைட்) என்ற நிலையான கால்சியம் பாஸ்பேட் படிகமாக மாறுகிற நேரம் அதுதான். அந்தப் படிகத்துக்கு ஹைட்ராக்சைடு வேண்டும், ஹைட்ரஜன் ஒட்டாத பாஸ்பேட் வேண்டும். மிஞ்சும் ஹைட்ரஜன் அயனி நீரில் விழுந்து அதை அமிலமாக்குகிறது. மக்னீசியம் கொஞ்சம் சேர்த்தால் இந்தக் காத்திருப்பு நீளும்.

நேராக அபடைட்டாகவே வந்தால் என்ன? கடைசியில் நிலைக்கப் போகும் வடிவம் முதலில் வராது, எளிதில் உருவாகும் வடிவமே முந்திக்கொள்ளும் என்று 1897இல் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் சொன்னார். படிகம் தொடங்கும் குட்டித் துணுக்கான கருவுக்கு, மேற்பரப்பை உண்டாக்கும் ஆற்றல்தான் பெருஞ்செலவு. நீரும் ஒழுங்கின்மையும் கலந்த கருவுக்கு அந்தச் செலவு குறைவு. காரையிலும் இதே கதை: புதிதாகக் கட்டியதில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஒன்றுக்கொன்றாக இருக்கும் ப்ரஷைட், பிறகு எட்டுக்கு ஆறாக ஆக்டாகால்சியம் பாஸ்பேட், நாள்பட்டதில் பத்துக்கு ஆறாக அபடைட்.

சர்க்கரைப் பாகோடு ஒப்பிட்டதில் ஓர் இடத்தில் உதைக்கும். சூடாக்கினால் சர்க்கரை கூடுதலாகக் கரையும். கால்சியம் பாஸ்பேட் தலைகீழ். சூடேற ஏறக் கரைதிறன் குறையும். பால் காய்ச்சும் ஆலை இயந்திரங்களில் கல் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவமனையில் இது உயிர் விஷயம். நரம்பு வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துப் பையில் கால்சியம், பாஸ்பேட் இரண்டும் உண்டு, ஸ்டாத்தெரின் கிடையாது. குளிரில் தெளிவாக இருந்த பை சூட்டில் கலங்கலாம். இப்படி உண்டான வீழ்படிவால் 2 பேர் இறந்ததை அடுத்து 1994இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. பையைத் தயாரிப்பவர்கள் பாஸ்பேட்டை முதலிலேயே விட்டு, மற்றதையெல்லாம் கலந்து, கால்சியத்தைக் கடைசியில்தான் சேர்க்கிறார்கள்.