பாதியில் நின்றால் நொதி செத்துவிட்டதா?

“சார், என்சைம் செத்துப்போச்சு. 50 சதவீதத்துக்கு மேல் நகரவே இல்லை. மூன்று மடங்கு சேர்த்தும் அப்படியே நிற்கிறது.” நொதியை (என்சைமை) வைத்து ஆல்கஹாலைக் கீட்டோனாக்குகிறவர்களிடமிருந்து இந்த வாரமும் இதே புகார். மூன்று மடங்கு சேர்த்தும் அசையவில்லை என்றால், கோளாறு நொதியில் இல்லை என்று அந்தச் சோதனைக் குழாயே சொல்லிவிட்டதே!

நொதி வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். வினை எங்கே போய் நிற்கும் என்பது அதன் கையில் இல்லை. இந்த வேலைக்கு எடுக்கும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆல்கஹாலைக் கீட்டோனாக்கும்போதே, உருவான கீட்டோனைத் திரும்ப ஆல்கஹாலாக்கிக்கொண்டும் இருக்கும். இரண்டும் சமமானால் நின்றதுபோலத் தெரியும். இதற்கு மேல் எவ்வளவு நொதி ஊற்றினாலும் காசுதான் வீண்.

ஆல்கஹால் விடும் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள அசிட்டோன் சேர்த்தோமே என்பார்கள். எவ்வளவு? ஆல்கஹாலுக்குச் சமமாக! சமநிலை மாறிலி (வினை நிற்கும்போது விளைபொருள்களுக்கும் தொடக்கப்பொருள்களுக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 1 என்று வைத்துக்கொண்டால், சம அளவு அசிட்டோன் தருவது சரியாகப் பாதி. பத்து மடங்கு போட்டால் 91 சதவீதம் வரை போகும். ரோடோகாக்கஸ் ரூபர் பாக்டீரியாவின் நொதி பாதிக்குப் பாதி அசிட்டோன் கலந்த கரைசலிலும் வேலை செய்யும். எல்லா நொதியும் அப்படித் தாங்காது. முதலில் சிறிய அளவில் பார்த்துவிடுங்கள்.

பாதியில் நிற்க இன்னொரு காரணமும் உண்டு. எடுத்தது ரேசமிக் ஆல்கஹாலா, அதாவது இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவ மூலக்கூறுகளும் பாதிக்குப் பாதி கலந்ததா? இந்த நொதிகளில் பல ஒரு கைப்பக்க மூலக்கூறை மட்டுமே தொடும். மறுபாதி மிஞ்சுவது இயல்பு. அந்த மிச்சத்துக்காகவே இந்த வினையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்!

அசிட்டோனே வேண்டாமென்றால் ஆக்சிஜனை நம்பலாம். குளுக்கனோபாக்டர் பாக்டீரியா சார்பிட்டாலைச் சார்போஸாக்குவது அப்படித்தான். வைட்டமின் சி தயாரிப்பில் காலங்காலமாக இருக்கும் ஒரு கட்டம் இது. எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்வதால் வினை திரும்புவதில்லை.

துணைநொதியை (நொதிக்காக ஹைட்ரஜனைச் சுமக்கும் என்.ஏ.டி. போன்ற மூலக்கூறை) மறுசுழற்சி செய்யாமல் இறங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 100 கிராம் சைக்ளோஹெக்சனாலுக்கு 660 கிராமுக்கு மேல் என்.ஏ.டி. வேண்டும். விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ் பாக்டீரியாவின் நொதிக்கு மெக்னீசியம் உயிர்நாடி. பழக்கதோஷத்தில் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்க்காதீர்கள், அங்கே நொதி நிஜமாகவே முடங்கிப்போகும். காரத்தன்மை கூடினால் ஆக்சிஜனேற்றம் வேகமாகும் என்று பி.எச். 10-இல் இரவு முழுக்கச் சூடாக வைக்காதீர்கள், என்.ஏ.டி. சிதைந்துவிடும்.

“ஆக்சிஜனேற்றத்துக்குப் போடும் நச்சுக் குரோமியமா இது? இயற்கைதானே” என்று முகக்கவசமின்றி நொதிப் பொடியை எடை போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமே வருகிறது. 1960-களில் சலவைத்தூள் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வரவைத்ததும் பாக்டீரியா நொதிப் பொடிதான். அசிட்டோன் இருக்கும் கலனில் ஆக்சிஜனைச் செலுத்துவதும் கூடவே கூடாது, தீ பிடிக்கும்.

தயவுசெய்து, அடுத்த முறை புகார் அனுப்பும் முன் ஒன்றைச் செய்யுங்கள். நின்றுபோன கலவையில் ஒரு துளி எடுத்து, புது பஃபரில் புது ஆல்கஹாலோடும் அந்த நொதிக்குரிய துணைநொதியோடும் சேர்த்து 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். அளவு ஏறினால் துணைநொதி ஹைட்ரஜனை வாங்குகிறது, நொதி உயிரோடுதான் இருக்கிறது. அந்த வரைபடத்தோடு அசிட்டோன் விகிதத்தையும் எழுதி அனுப்புங்கள், பேசலாம்.