ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது, பதில் எங்கே போனது?

"சார், ஃபேக்ஸ் அனுப்பணுமாம். எந்தக் கடையில மெஷின் இருக்கும்?"

வரி ஆலோசகரான என்னிடம் வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஃபேக்ஸ் மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்திராத வயதுக்காரர்கள். கோவையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதி அமெரிக்காவில் விற்பவர்கள். அங்கே ஒரு எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பதிவு செய்திருப்பார்கள், வங்கிக் கணக்குக்கு இ.ஐ.என். என்கிற வரி எண் வேண்டும். அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு எண்ணோ தனிநபர் வரி எண்ணோ இல்லாதவர்களுக்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் இணையதளம் அதைத் தராது. அதற்கான விண்ணப்பமான எஸ்எஸ்-4 படிவத்தைத் தபாலில் அனுப்பினால் 4 வாரம் போல ஆகும். ஃபேக்ஸில் அனுப்பினால் சுமார் 4 வேலை நாள் என்பது ஐ.ஆர்.எஸ். சொல்லும் கணக்கு.

கடை தேட வேண்டாம், போனே போதும் என்பேன். கூடவே, போனுக்குள் ஃபேக்ஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுவேன். காகிதத்தின் கறுப்பு வெள்ளையை ஒலியாக்கி டெலிபோன் லைனில் அனுப்புவதுதான் ஃபேக்ஸ். (இதன் மூதாதைக்கு அலெக்சாண்டர் பெய்ன் காப்புரிமை வாங்கியது 1843இல்; டெலிபோனுக்கே அண்ணன்.) செல்போன், மனிதப் பேச்சுக்குத் தோதாக ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் ஃபேக்ஸின் கீச்சொலி அதில் சிதைந்துவிடும். ஆகவே ஃபேக்ஸ் ஆப் நம் பிடிஎஃப்பைத் தன் சர்வரில் ஏற்றி, அங்கிருந்து டயல் செய்கிறது. மெஷின் இன்னொருவருடையது, நம்பரும் வாடகை நம்பர். நம் கையெழுத்தும் முகவரியும் முதலில் அந்த நிறுவனத்திடம்தான் போகின்றன. அனுப்பிய கோப்பை அவர்கள் சர்வரிலிருந்து நாமே அழிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வாடகை நம்பர் என்றேனே, அங்கேதான் ஒரு தம்பி மாட்டிக்கொண்டார். 7 நாள் இலவசம் என்ற ஆப்பை இறக்கி, அது கொடுத்த நம்பரைப் படிவத்தின் அடியில் விண்ணப்பதாரர் ஃபேக்ஸ் எண்ணாக எழுதி அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது. பணம் பிடித்துவிடுவார்களே என்று ஐந்தாம் நாள் சந்தாவை ரத்து செய்தார். நம்பரும் அன்றோடு போயிற்று. ஐ.ஆர்.எஸ். பதில் அனுப்புவது அந்த நம்பருக்குத்தான்! இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். அமெரிக்காவுக்குப் போன் போட்டு, வெகுநேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, இ.ஐ.என். எண்ணை வாங்கினோம். அத்தாட்சிக் கடிதம் கேட்டோம். "தபாலிலா, ஃபேக்ஸிலா?" என்றார்கள். மறுபடி ஒரு நம்பர் வாடகைக்கு எடுத்தோம்.

இப்படிக் கைவிட்ட நம்பரைச் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தாமதமாக வரும் கடிதம் அவர் திரையில் போய் விழும். அனுப்ப மட்டும் செய்கிற ஆப்பும் இந்த வேலைக்கு ஆகாது. பெறும் வசதியுள்ள நம்பராக எடுத்து, கடிதம் கையில் வந்த பிறகும் சில மாதம் வைத்திருங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஆப்பை நீக்கிவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. போகாது. பிளே ஸ்டோரிலோ ஆப்பிள் கணக்கிலோ சந்தாப் பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். வாரச் சந்தா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதை மாதச் சந்தா என்று வாசித்து ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

படிவத்தைச் சும்மா போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். சாதாரணத் தரத்தில் ஃபேக்ஸ் ஓர் அங்குலத்துக்கு 98 கோடுதான் எடுக்கும். ஃபைன் தரத்தில் 196. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. காகிதத்தில் விழுந்த உங்கள் கை நிழல் அங்கே கறுப்புத் திட்டாகத்தான் இறங்கும். போனில் உள்ள ஸ்கேன் வசதியில் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, பென்சிலை விட்டுக் கறுப்பு மையில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கணினியிலேயே நிரப்பிய பிடிஎஃப் இன்னும் நல்லது.

எந்த எண்ணுக்கு அனுப்புவது என்பதிலும் குழப்பம் வரும். 855இல் தொடங்குவது அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கான கட்டணமில்லா எண். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோருக்கு 304இல் தொடங்கும் எண் தனியாக உண்டு. யாரோ எப்போதோ எழுதியதை நம்பாமல் நடப்புப் படிவக் குறிப்பில் பார்த்து எழுதுங்கள். லைன் பிஸி என்று வந்தால் நம் காலை பத்து மணிவாக்கில் அனுப்பிப் பாருங்கள். அங்கே நள்ளிரவை ஒட்டிய நேரம்.

இ.ஐ.என். வந்ததோடு ஃபேக்ஸ் வேலை தீராது. வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக உள்ள எல்.எல்.சி., உரிமையாளர் போட்ட பணம், எடுத்த பணம் போன்றவற்றை 5472 படிவத்தில் காட்ட வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். அதையும் தபாலில் அல்லது ஃபேக்ஸில்தான் அனுப்ப வேண்டும். ஃபேக்ஸில் அனுப்பினால் ஆப் தருகிற ரிப்போர்ட்தான் நம் கைச்சாட்சி. தேதி, நேரம், பெற்ற எண், பக்க எண்ணிக்கை நாலும் அதில் இருக்கிறதா பார்த்து அன்றே சேமித்துவையுங்கள். 9 பக்கம் அனுப்பியிருக்க, ரிப்போர்ட்டில் 7 என்று இருந்தால் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு முழுக்க மறுபடி அனுப்புங்கள்.