தாத்தா காலத்து லென்ஸில் பூச்சியின் கண்

அலமாரியில் கிடந்த பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸ் பேரன் கைக்கோ பேத்தி கைக்கோ வந்ததும் எழும் முதல் கேள்வி: ஆட்டோஃபோகஸ் இல்லாத இதை வைத்து என்ன செய்வது? ஓடியாடும் குழந்தையைப் படம் எடுக்க இது சிரமம்தான். பூச்சி எடுக்கப் போகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. பழையதன் மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாடே அப்படித்தான் சொல்கிறது.

பூச்சியின் நிஜ அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் அது 1:1. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் தன்னால் முடிந்த அளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்தாலும், நிஜ அளவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைத்தான் எட்டும். அதற்கு மேல் வேண்டுமானால் லென்ஸை சென்சாரிலிருந்து இன்னும் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பதற்குக் கணக்கு எளிது: உருப்பெருக்கத்தைக் குவியத் தூரத்தால் (50 மி.மீ. லென்ஸ் என்பதில் வரும் 50 மி.மீ. அதுதான்) பெருக்கினால் போதும். 50 மி.மீ. லென்ஸில் 1:1 கிடைக்க 50 மி.மீ. தள்ளல் தேவை. இந்த வேலையைச் செய்வதுதான் எக்ஸ்டென்ஷன் ட்யூப். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய்.

இப்போது 1:1-இல் நடக்கும் ஒரு விசித்திரத்தைப் பார்ப்போம். அந்த நிலையில் பூச்சி லென்ஸிலிருந்து 100 மி.மீ. தூரத்திலும், சென்சார் மறுபக்கம் 100 மி.மீ. தூரத்திலும் இருக்கும். மொத்தம் 200, அதாவது குவியத் தூரத்தின் நான்கு மடங்கு. குவிலென்ஸ், மெழுகுவர்த்தி, திரை வைத்துச் சோதனை செய்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: மெழுகுவர்த்திக்கும் திரைக்கும் இடையே இதைவிடக் குறைந்த தூரம் இருந்தால், லென்ஸை எங்கே வைத்தாலும் பிம்பம் தெளியாது. இதுதான் குறைந்தபட்ச எல்லை.

லென்ஸ் நகர நகர இந்த மொத்தத் தூரம் எப்படி மாறுகிறது என்று வரைந்தால், அந்த வளைகோட்டின் ஆகத் தாழ்ந்த புள்ளி 1:1. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் கோடு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். அதனால் 1:1-க்கு அருகில் கேமராவை அசைக்காமல் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி லென்ஸை 5 மி.மீ. நகர்த்தினாலும், தெளிவாகத் தெரியும் தளம் சுமார் அரை மி.மீ.தான் நகர்கிறது. மாறுவது படத்தில் பூச்சி தெரியும் அளவு மட்டும். ‘திருப்பிக்கொண்டே இருக்கிறேன், ஃபோகஸ் ஆக மாட்டேன் என்கிறதே’ என்று புதியவர்கள் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டித் தேடும் ஆட்டோஃபோகஸும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது: எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று வளையத்தில் முடிவு செய்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் கேமராவோடு சேர்ந்து உடம்பையே மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, பூச்சியின் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். ஃபிலிம் காலத்தில் மேக்ரோ, அதாவது சிறியவற்றை மிகக் கிட்டத்தில் பெரிதாகப் படம், எடுத்தவர்களுக்கு இது கைப்பழக்கம். இளையவர்களுக்கு அவர்கள் தரக்கூடிய நல்ல பாடமும் இதுவே.

அடுத்த சிக்கல் கூர்மையின் ஆழம். ஒளி நுழையும் துளைதான் அப்பர்ச்சர், எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 1:1-இல் அப்பர்ச்சர் எஃப் 8 வைத்தால் தெளிவாக இருக்கும் பகுதி ஏறக்குறைய 1 மி.மீ. அப்பர்ச்சரை இன்னும் சுருக்கலாமே என்று தோன்றும். ஆனால் லென்ஸ் தள்ளிப் போனதால் எஃப் 8 இங்கே எஃப் 16 போலவும், எஃப் 16 என்பது எஃப் 32 போலவும் நடந்துகொள்கின்றன. துளை சிறுக்கச் சிறுக்க ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து பரவி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாகும். எஃப் 16-க்கு நிகரான நிலையில் அந்த வட்டம் சுமார் 21 மைக்ரோமீட்டர். வீட்டு ஈயின் கூட்டுக்கண்ணில் ஒரு சிறு கண்ணறை 20 முதல் 30 மைக்ரோமீட்டர்தான். ஆக, 1:1-இல் எஃப் 8 வைத்தாலே ஈயின் கண்ணறைகள் ஒன்றோடொன்று கலங்கத் தொடங்கிவிடும். அவற்றைப் பிரித்துக் காட்ட 2:1, அதாவது நிஜ அளவைப் போல இரு மடங்கு பிம்பம் வேண்டும், அப்பர்ச்சரையும் எஃப் 5.6 அளவுக்குத் திறக்க வேண்டும்.

2:1-க்கு ட்யூபை அடுக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. பழைய 28 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி ரிவர்ஸ் ரிங்கில் (லென்ஸின் முன்பக்கத்தைக் கேமராவோடு இணைக்கும் வளையம்) மாட்டினால் போதும், கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். எஸ்.எல்.ஆர். எனப்படும் ஆடி வைத்த கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு ஆடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. குவியத் தூரம் 28 மட்டுமே உள்ள லென்ஸை அவ்வளவு தள்ளி வைத்தும் பிம்பம் விழ வேண்டும் என்பதற்காகத் தனி அமைப்பு செய்தார்கள். அதைத் திருப்பிப் போடும்போது, ஆடிக்காக விட்ட அந்த இடைவெளி பூச்சியின் பக்கம் வந்துவிடுகிறது. ஈயை இடிக்காமல், வெளிச்சத்தை மறைக்காமல் வேலை செய்ய அது கைகொடுக்கிறது. எனக்குப் பிடித்த தற்செயல் இது.

புதிய லென்ஸ்களைத் திருப்பினால் மின்தொடர்பு அறுந்து, அப்பர்ச்சரை மாற்றவே வழியில்லாமல் போகும். பழையவற்றில் அதற்கென்று லென்ஸிலேயே வளையம் இருக்கிறது, கையால் திருப்பலாம். கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படம் எடு’ என்ற அமைப்பை மட்டும் இயக்கிவிட வேண்டும்.

சரி, வயதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சிறுவர்களின் கண் 7, 8 செ.மீ. தூரத்தில் உள்ளதைக்கூடத் தெளிவாகக் காணும். கண்ணின் லென்ஸ் இறுக இறுக அந்தத் தூரம் விலகி, 60 வயதில் கண்ணாடி போடாவிட்டால் ஒரு மீட்டர் வரை போய்விடுகிறது. வெறுங்கண்ணால் எறும்பைத் தேடுவதில் பேத்திக்கு முன் தாத்தா நிற்க முடியாது. ஆனால் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் திரையில் ஈயின் கண் பெரிதாகத் தெரியும்போது இருவரும் ஒன்றையே பார்க்கிறார்கள். கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியும் அதில் உண்டு. பூச்சியைக் கண்டுபிடிப்பது சின்னவர், அப்பர்ச்சரும் சாய்வும் பெரியவர். இதற்கு ஏற்ற நேரம் குளிர்ந்த விடிகாலை. பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்பதால் அப்போது சட்டென்று பறக்காது.

லென்ஸைக் கைமாற்றும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, நாள்பட்டால் கண்ணாடியின் மேல் பூச்சையே அரித்துவிடும். சில பழைய லென்ஸ்கள் மஞ்சளித்திருக்கும். கண்ணாடியில் தோரியம் சேர்த்ததன் விளைவு அது, புற ஊதா ஒளியில் வைத்தால் குறையும்.

லென்ஸோடு சேர்ந்து பழைய ஃப்ளாஷும் கிடைத்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். அவற்றில் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஃபிலிம் கேமராவின் இயந்திர சுவிட்ச் அதைத் தாங்கியது, இன்றைய மின்சுற்று தாங்காமல் கருகலாம். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து மல்ட்டிமீட்டரில் அளந்து, உங்கள் கேமராவின் வரம்புக்குள் இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.