ரிஸ்க்: இடரா, துணிவா?

மேலாண்மைப் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வை விளக்கும்போது மலையேற்றம், பாய்மரப் படகு, கோல்ஃப் என்று ஏதாவது ஒரு விளையாட்டைத் துணைக்கு அழைப்பார்கள். அந்தப் பேச்சில் தவறாமல் வரும் சொல் ‘ரிஸ்க்’. தமிழில் எழுதுகிறவர்கள் அதற்கு ‘இடர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாதி இடங்களில் அது பொருந்துவதே இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறைமுகங்களில் எழுதப்பட்ட கடல் வாணிப ஒப்பந்தங்களில் ‘ரெசிகும்’ என்ற லத்தீன் வடிவம் தென்படுகிறது. கப்பல் கரை சேராவிட்டால் இழப்பு யாருடைய தலையில் விழும் என்பதைக் குறித்துவைக்க உதவிய சொல் அது. பிறகு இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் போய், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதற்கும் முந்திய வேர் எது என்பதில் சொல்லாய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ‘வெட்டு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து, கடலில் வெட்டிவிட்டாற்போல் நிற்கும் பாறையைக் குறித்து, அதில் மோதும் அச்சத்தைக் குறிக்க வந்தது என்பது ஒரு கருத்து. ஸ்பானிய மொழியில் ‘ரிஸ்கோ’ என்றால் இன்றும் செங்குத்துப் பாறைதான். இறைவன் அளிக்கும் வாழ்வாதாரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘ரிஸ்க்’கே மூலம் என்பது இன்னொரு கருத்து. தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் எழுத்திலும் அந்த ரிஸ்க் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே ஒலி, ஒன்று கிடைக்க வேண்டியது, மற்றது வரக்கூடாதது.

சரி, தமிழுக்கு வருவோம். அபாயம், ஆபத்து இரண்டும் வடமொழி வழி வந்தவை. இடர் நம் பழைய சொல். “இடரினும் தளரினும்” என்று 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போது, அது வந்து சேர்ந்துவிட்ட துன்பத்தைக் குறிக்கிறது. ரிஸ்க் என்பதோ இன்னும் வராதது, வரக்கூடியது. ஆகவே ‘வரக்கூடும்’ என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘இடர்வாய்ப்பு’ என்றால் அது வந்துவிடுகிறது. வாய்ப்பு என்றாலே நல்லதுதானே என்று சிலர் தயங்குவார்கள். கணிதத்தில் ‘சமவாய்ப்பு’ நல்லது கெட்டது பார்ப்பதில்லையே.

ஆனால் ‘ரிஸ்க் எடுக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால்? ‘இடர் எடுக்கிறேன்’ என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. ‘துணிந்து இறங்குகிறேன்’ என்போம். துணிதல் என்ற வினைக்கு வெட்டுப்படுதல், முடிவெடுத்தல், அஞ்சாது இறங்குதல் என மூன்று பொருளும் உண்டு. உடுத்தும் துணியும் தோளில் போடும் துண்டும்கூட வெட்டியெடுத்தவைதான். லத்தீனில் வெட்டு என்ற பொருளிலிருந்து பாறைக்குப் போனார்கள் என்றால், நாம் அதே பொருளிலிருந்து மனத்துக்கு வந்திருக்கிறோம். எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆக, ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேண்டும். வெளியிலிருந்து வரக்கூடியது இடர்வாய்ப்பு. நாமே எடுப்பது துணிவு.

பாறை ஏறுகிறவரைப் பாருங்கள். இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கோத்து, எட்டு வடிவ முடிச்சுப் போட்டு இறுக்குகிறார். கீழே கயிறு பிடிப்பவர் அந்த முடிச்சை விரலால் தொட்டு, இரண்டு இழையும் இணையாக ஓடுகின்றனவா என்று பார்த்துத் தலையசைக்கிறார். அப்புறம்தான் ஏறுகிறவர் முதல் பிடியில் கை வைக்கிறார். ஏறுவது என்று எடுத்த முடிவு துணிவு. முடிச்சு அந்தத் துணிவைக் குறைப்பதில்லை, இடர்வாய்ப்பைத்தான் குறைக்கிறது. இரண்டுக்கும் ‘ரிஸ்க்’ என்றே போட்டால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

1996 மே 10 அன்று எவரெஸ்டில் ஏறிய, கட்டணம் வாங்கி ஆட்களை அழைத்துச் செல்லும் இரண்டு வணிகக் குழுக்கள் புயலில் சிக்கின. தலைவர்கள் இருவர் உட்பட அக்குழுக்களில் 5 பேர் இறந்தார்கள். மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் ராபர்ட்டோ 2002இல் இதை ஆராய்ந்து எழுதினார். பிற்பகல் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு அங்கே இருந்தது. நேரம் கடந்த பிறகும் பலர் மேலே போனார்கள். அத்தனை பணமும் உழைப்பும் போட்டாயிற்று, உச்சி கண்ணெதிரே நிற்கிறது, திரும்ப மனம் வருமா? போட்டது வீணாகக் கூடாது என்று மேலும் மேலும் போடும் இந்த மனப்போக்கு நிறுவனங்களிலும் உண்டு என்பதைக் காட்டத்தான் அவர் மலைக்குப் போனார். புயல் வந்தது இடர். வரக்கூடும் என்பது இடர்வாய்ப்பு. 2 மணிக்குப் பிறகும் ஏறியது எண்ணாத துணிவு. “நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்” என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்வதும் இந்த இடத்தைத்தான்.

துணிவு தேவையான இடத்தில் குறைவதும் உண்டு. டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் என்ற இரு பேராசிரியர்கள் தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் 25 லட்சம் உருட்டடிகளை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடிகளை, ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை முறை அடித்து முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் காப்பாற்ற அடிக்கும்போது பந்து உள்ளே விழுவது அதிகம். அதே தூரத்தில், கணக்கைவிட ஓர் அடி மிச்சம் பிடிக்க அடிக்கும்போது குறைவு. அப்போது பந்து குழிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுவதும் கூடுகிறது. புல், சரிவு, தூரம், குழி எதுவும் மாறவில்லை. மாறியது துணிவு.

நிச்சயமின்மையையும் ரிஸ்கோடு குழப்பக் கூடாது. பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இலேயே இரண்டையும் பிரித்துவிட்டார்: அளந்து சொல்ல முடிந்தது ரிஸ்க், அளக்கவே முடியாதது நிச்சயமின்மை. பகடையில் ஆறு விழுவது முதல் வகை. யாரும் ஏறாத முகட்டின் வானிலை இரண்டாவதுக்கு நெருக்கமானது.

இனி மொழிபெயர்க்கிறவர்களுக்கு. ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதற்கு இடர் மேலாண்மை ஏற்கெனவே நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ‘ரிஸ்க் டேக்கர்’ துணிபவர். ஒரு நிறுவனம் எவ்வளவு தூரம் துணியத் தயார் என்பதைச் சொல்லும் ‘ரிஸ்க் அப்பெட்டைட்’ என்ற தொடரை ‘இடர்ப்பசி’ ஆக்கினால் துன்பத்துக்காக ஏங்குவதுபோல் இருக்கும். அங்கே ‘துணிவளவு’ போதும்.