"நரம்பு போயிடுச்சு"ன்னா எந்த நரம்பு? பெரிபெரல் நியூரோபதி: சொல் விளக்கம்

புத்துநோய்க்குக் கீமோ போயிட்டு வர்றவங்க ஃபைல்ல ஒருநாள் "பெரிபெரல் நியூரோபதி"ன்னு ஒரு வரி ஏறியிருக்கும். கேட்டா "நரம்புல கொஞ்சம் பாதிப்பு"ம்பாங்க. குழப்பமே அந்த நரம்புலதான் ஆரம்பிக்குது, ஏன்னா நம்ம கடலூர், பாண்டி பக்கம் நரம்புன்னா முதல்ல நெனப்புக்கு வர்றது ரத்தக்குழாய். ட்ரிப்ஸ் போடற நர்ஸம்மாவே புறங்கையத் தட்டித் தட்டிப் பாத்துட்டு "நரம்பு கெடைக்கலம்மா, அந்தக் கையக் குடு"ன்னுதான் சொல்வாங்க. அதனால "கீமோல நரம்பு போயிடுச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, மருந்து ஏறின குழாய் கறுத்து இறுகிப் போனதச் சொல்றாரா இல்ல விரல் மரத்துப் போனதச் சொல்றாரான்னு தெரியாது. ரெண்டுமே கீமோல வரும், ஆனா வேற வேற.

இது நேத்து வந்த குழப்பம் இல்ல. யாழ்ல கட்டற தந்திக்கும் நரம்புதான், இலையில ஓடற கோட்டுக்கும் நரம்புதான். புறநானூறு 278ல, மகன் போர்ல முதுகு காட்டினான்னு கேள்விப்பட்டு வாளோட கிளம்பற கிழவிக்கு "நரம்பு எழுந்து உலறிய" தோள், வத்திப் போய் நரம்பு பொடைச்சுத் தெரியுது, அது ரத்தக்குழாய் இல்லாம வேறென்ன. கிரேக்கத்துலயும் இதே கததான், நியூரான்னா முதல்ல தசைநார், வில்லுல கட்டற நாண். உணர்ச்சியக் கொண்டு போற இழைக்கு அந்தப் பேரு பின்னாடி ஒட்டிக்கிச்சு. நியூரோபதில வர்ற "பதி" பாத்தோஸ்லேர்ந்து வந்தது, பாத்தோஸ்னா துன்பம், நோவு. பெரிபெரல்ங்கறதும் கிரேக்க வேர்தான், சுத்தியுள்ள ஓரம்னு வெச்சுக்கலாம். மூளையும் தண்டுவடமும் மையம், அங்கேர்ந்து கை கால் வரைக்கும் கிளை விட்டு ஓடறது புற நரம்பு. புறம்னதும் தோலுக்கு மேல தெரியறதுன்னு நெனைச்சுடக் கூடாது.

கீமோவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, எல்லா கீமோ மருந்தும் இதப் பண்றதில்ல. பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், போர்டிசோமிப் இதுங்கதான் முக்கியமானது. வின்கிரிஸ்டின் எடுக்கறது நித்தியகல்யாணிலேர்ந்து, ஆமா, கடலோர மணல்ல யாரும் தண்ணி ஊத்தாமயே பூத்துக் கெடக்குமே, சுடுகாட்டு மல்லின்னு சொல்லி சாமிக்கு வைக்க யோசிப்பாங்களே அதேதான். புத்துச்செல் ரெண்டாப் பிரியறப்போ உள்ள நுண்குழல்னு இழைங்க வேல செய்யும், இந்த மருந்து அதப் போய் முடக்கிடும், செல் பிரிய முடியாம சாகும். சிக்கல் என்னன்னா நரம்பு செல்லுக்குள்ளயும் அதே நுண்குழல் இருக்கு, அதுதான் அங்க தண்டவாளம், சத்து சரக்கு எல்லாம் அது மேலதான் நுனி வரைக்கும் போகணும். முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல இருக்கற செல்லுலேர்ந்து கால்விரல் வரைக்கும் ஏறக்கொறைய 1 மீட்டர், நீளமான லைன்தான் முதல்ல படுக்கும். அதான் கால்விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுது, அப்புறம் கைவிரல், சாக்ஸும் க்ளவுஸும் போட்ட எடம் மட்டும் மரத்த மாதிரி.

சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் மாதிரி பிளாட்டினம் மருந்துங்க வேற வழி, நரம்பு செல்லோட உடம்பையே தாக்கும், அதனால கீமோ நிறுத்தி சில மாசத்துக்கு அப்புறமும் கூடிக்கிட்டே போகலாம். "ட்ரீட்மென்ட் முடிஞ்சப்போ நல்லாதானே இருந்தேன்"னு சொல்றவங்க பொய் சொல்லல. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறின சில நாளுக்கு ஃப்ரிட்ஜ் கதவத் தொட்டாலே சுரீர்னும், ஐஸ் தண்ணி குடிச்சா தொண்டைய யாரோ புடிச்ச மாதிரி இருக்கும்.

வீட்ல எப்படித் தெரியும்னா, கோலமாவு விரலுக்கு நடுவுல நிக்காம கொட்டும், ஜாக்கெட் ஹூக் மாட்டக் கண்ணாடி வேணும், செருப்பு வழியிலயே கழண்டு போனது வாசல் வந்தப்புறம்தான் தெரியும்.

தமிழ்ல என்ன சொல்லலாம்? "புற நரம்புச் சிதைவு"ன்னு எழுதறாங்க, எனக்கு அது புடிக்கல, சிதைவுன்னா திரும்பாதுன்னு தொனிக்குது, ஆனா நிறைய பேருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறையுது, சிலருக்கு அப்படியே தங்கிடுது. "நரம்பழற்சி" தப்பு, அது வீக்கம் வர்ற வேற விஷயம். "நரம்புத் தளர்ச்சி" வேண்டவே வேணாம், பஸ் ஸ்டாண்டு சுவர்ல லாட்ஜ் வைத்தியருங்க அதக் குத்தகைக்கு எடுத்து ரொம்ப நாளாச்சு. "கீமோவால் வரும் புற நரம்புக் கோளாறு" இதுதான் சரியா வருது, பயமுறுத்தாது, பொய்யும் சொல்லாது.

ஆனா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி ஓபியிலயோ வேற எங்கயோ டாக்டர் முன்னாடி இந்தத் தமிழும் வேணாம், அந்த இங்கிலீஷும் வேணாம். மதமதப்பு, மரமரப்பு, எரிச்சல், ஊசி குத்தறாப்ல சுருக்சுருக்குன்னு இருக்கு, எந்த விரல், எவ்ளோ மேல ஏறியிருக்கு, இதச் சொன்னா போதும். அடுத்த டோஸக் கொறைக்கறதா தள்ளிப் போடறதான்னு அவங்க முடிவு பண்றது இத வெச்சுத்தான், அதனால "கீமோவ நிறுத்திடுவாங்களோ"ன்னு பயந்து மறைக்கறது ஆபத்து. வலிக்கு டுலாக்ஸெடின்னு ஒரு மாத்திரை ஓரளவு கேக்கும், மரத்துப் போனதுக்கு அவ்ளோவா கேக்காது. பி12 மாத்திரை, ரத்தத்துல அது கொறைஞ்சிருந்தா உதவும். அசிட்டில் கார்னிடின்னு ஒரு சத்து மாத்திரைய மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க, கீமோ நேரத்துல அது இந்தக் கோளாற இன்னும் மோசமாக்கினதா ஆய்வுல தெரிஞ்சிருக்கு. அப்புறம் குளிக்கற வெந்நீர கால விட்டுப் பாக்காம முழங்கையால தொட்டுப் பாருங்க, சூடு தெரியாம பாதம் வெந்து போனவங்க உண்டு.